பாயில் எல்லார் பேரும் இருக்கு, நெய்தவ பேரு எங்கே?



போன கூட்டத்தில் குழுவாரியாக உறுப்பினர்களின் தொழில் விவரம் எழுதினோம். பீடி சுற்றுகிறவர்கள் பீடி என்று சொன்னார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் கூலி என்றார்கள். மாடு வைத்திருக்கிறவர்கள் பால் மாடு என்றார்கள். பாய் நெய்கிற சகோதரிகள் முறை வந்தது. "நான் வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்று ஒருத்தர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் "ஏ ராத்தா, நீங்க பாய் நெய்யுதீயள்லா?" என்று கேட்டார். "அது சும்மா இருக்கிற நேரத்துல செய்யுறதுதானே" என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தோம். படிவத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனோம்.

எழுதினது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்த 'சும்மா இருக்கிற நேரம்' என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது? காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற பெண்ணுக்கு அது எப்போது வருகிறது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பாயை வைத்துப் பேசினாலும், ஓலைப்பெட்டி முடைகிறவர்கள், தையல் போடுகிறவர்கள், கோலம், பாட்டு, எழுத்து என்று கையில் ஏதாவது கலை வைத்திருக்கிற எல்லாச் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

கோரை பாயாவது எப்படி?

நம்ம தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாய் வழியாக வந்து பாயும் ஊர்களில் ஒன்று பத்தமடை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து மடை இருந்ததால் அந்தப் பேர் வந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊரும் அதுதான். ஆனால் வெளியூர்க்காரர்களிடம் பத்தமடை என்று சொன்னால் முதலில் பாயைத்தான் கேட்பார்கள். 1953-இல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனதை ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். வீட்டுக்குள்ளே, திண்ணையில், முற்றத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள்.

கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைக்க வேண்டும். சாதாரணப் பாய் என்றால் அதோடு நெய்யத் தொடங்கலாம். மெல்லிசுப் பாய்க்கு அது போதாது. ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் வரைக்கும் ஊறப்போடுவார்கள். தண்டு நன்றாக உப்பி வரும். மறுபடி எடுத்துக் காயவைத்து, மெல்லிசு மெல்லிசாகக் கீறி எடுப்பார்கள். கோரையின் உள்ளே இருக்கிற வெள்ளைச் சதை போய், தோல் மட்டும் நூல் மாதிரி நிற்கும். முன்னே பதிமுகக் கட்டையை வேகவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். இப்போது பெரும்பாலும் கடைச்சாயம்தான்.

பாவுக்குப் பருத்தி நூல், விலை உயர்ந்த பாய்க்குப் பட்டு நூல். தரையோடு தரையாகப் பாவை இழுத்துக் கட்டி, மேலே குறுக்காகப் பலகை போட்டு, அதில் குத்தவைத்து உட்கார்ந்து நெய்ய வேண்டும். ஒவ்வொரு கோரையாகக் குச்சியில் வைத்து ஊடே கோத்து, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். தறி நகராது, உட்கார்ந்திருக்கிறவர்தான் பாய் வளர வளர நகர்ந்துகொண்டே போவார். சாதாரணப் பாயில் பாவு தள்ளித் தள்ளி இருக்கும். மெல்லிசுப் பாய் 100 முதல் 140 கவுண்ட் வரைக்கும் போகும். அந்தப் பாயைத் துணி மாதிரி மடித்துப் பைக்குள் வைக்கலாம். பட்டுப்பாய் என்று சொல்லுகிறது சும்மா இல்லை.

கல்யாணப் பாய் என்றால் இன்னும் ஒரு வேலை கூடுதல். மாப்பிள்ளை பெண் பேரும், கல்யாணத் தேதியும் பாயிலேயே எழுத்தாக வர வேண்டும். ஒரு கோரை மாறிப்போனாலும் எழுத்து கோணும். அப்படிக் கோணினால் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும், அழிக்க ரப்பர் கிடையாது.

எந்த வேலையை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது?

பாய் வேலை முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோரை கீறுவதைப் பிள்ளை மடியில் இருக்கும்போதும் செய்யலாம். சோறு கொதிக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து செய்யலாம். பக்கத்து வீட்டு மைனியிடம் பேசிக்கொண்டே செய்யலாம். நடுவில் எழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஊறப்போட்ட கோரை தன்பாட்டில் ஊறும். காயப்போட்டதற்கு வானத்தையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டால் போதும். இந்த வேலைகள் குடும்பத்தோடு ஒத்துப்போகும்.

நெய்வது அப்படி இல்லை. கோரை ஈரப்பதமாக இருக்கும்போதே நெய்ய வேண்டும். உச்சி வெயிலில் உலர்ந்தால் ஒடியும். வெளிச்சம் வேண்டும், ராத்திரி குண்டு பல்பில் 120 கவுண்ட் பாயின் இழையை எண்ணிப் பாருங்கள், கண்ணீர் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, மனசு அதிலேயே இருக்க வேண்டும். எத்தனையாவது இழையில் சிவப்பு, எத்தனையாவதில் வெள்ளை என்பதெல்லாம் எந்த நோட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை, தலைக்குள்தான் இருக்கிறது. "யம்மா, தண்ணி" என்று ஒரு குரல், "கேஸ்காரர் வந்திருக்காரு" என்று இன்னொரு குரல். எழுந்து போய் வர அஞ்சு நிமிஷம். ஆனால் விட்ட இடத்தைப் பிடிக்கப் பத்து நிமிஷம். அடியின் அழுத்தம் மாறியிருக்கும். நல்ல பாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், அந்த வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே நேரம் கிடைக்கவில்லை என்று நாம் சொல்லும்போது, அதில் இரண்டு பிரச்சினை கலந்து கிடக்கிறது. நேரம் குறைவு என்பது ஒன்று. கிடைக்கிற நேரமும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது என்பது இன்னொன்று. துண்டு நேரத்தில் கோரை கீறலாம், பெயரெழுதிய பாய் நெய்ய முடியாது. கதை எழுதுகிறவருக்கும் இதே கதைதான். படம் வரைகிறவருக்கும் இதே. ஒரு நாளில் 10 நிமிஷமாகப் பன்னிரண்டு தடவை கிடைக்கிறதும், சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் கிடைக்கிறதும் கணக்குக்கு ஒன்று, கைக்கு வேறு.

மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2019-இல் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் கொடுத்தார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! இதில் பிள்ளை பார்ப்பதும் நோயாளி பார்ப்பதும் சேரவில்லை, அதற்குத் தனிக் கணக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 97 நிமிஷம் வீட்டு வேலை செய்தேன் என்று சொன்ன ஆண்களின் சராசரி மட்டும்தான். ஒரு வேலையும் செய்யாதவர்கள் அதற்குள் வரவே இல்லை.

வெளியே இருக்கிறவர்கள் என்ன சொன்னார்கள்?

இந்தப் பாடு நம்ம ஊருக்கு மட்டும் உள்ளது இல்லை. இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் என்று ஒரு எழுத்தாளர். 1928-இல் கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளில் பேசினார், மறு வருஷம் அது புத்தகமாக வந்தது. ஒரு பெண் எழுத வேண்டுமானால் சொந்தமாக வருமானமும், தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று அதில் சொன்னார். வருமானத்துக்குத் தொகையே போட்டார், வருஷத்துக்கு 500 பவுண்டு. நம்ம வீடுகளில் தனி அறைக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். ஆனால் அவர் கேட்டது சுவரை மட்டும் இல்லை. இந்த நேரத்தில் இவளைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்வதையும் சேர்த்துத்தான். அதற்குச் சுவர் இல்லாவிட்டாலும் வழி உண்டு, பின்னால் சொல்கிறோம்.

தாழ்ப்பாள் எவ்வளவு முக்கியம் என்று நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருத்தர் காட்டியிருக்கிறார். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்த கவிஞர் சல்மா. சின்ன வயசிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கு வீட்டில் இடமில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு குளியலறைக்குள் நின்றுகொண்டு துண்டுக் காகிதத்தில் எழுதினார். அவருடைய தாயார்தான் அதை வெளியே சேர்த்தார். சொந்தப் பேரில் எழுத முடியாமல் சல்மா என்று பேர் வைத்துக்கொண்டார். 2000-இல் முதல் கவிதைப் புத்தகம் வந்தது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் அவர் ஊர்ப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் போட்டியிட்டு ஜெயித்தார். 2004-இல் நாவல் எழுதினார். 2025-இல் நாடாளுமன்ற மாநிலங்களவைக்குப் போனார். இவரை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது பலர் "திறமை இருந்தா எப்படியும் மேலே வந்துரலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. குளியலறையில் எழுத வேண்டி வந்தது பெருமைப்பட வேண்டிய விஷயமா? அப்படி ஒளிந்து எழுத முடியாமல் விட்டுப்போன பெண்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

பீகாரில் மதுபனி என்று ஒரு பகுதி. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வீட்டுச் சுவரில் பெண்கள் படம் எழுதுவார்கள், நாம் கோலம் போடுகிற மாதிரி. சம்பளமும் கிடையாது, பேரும் கிடையாது. 1966, 67-இல் கடும் பஞ்சம். அப்போது அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்திலிருந்து வந்து, இதையே காகிதத்தில் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். சுவரில் இருந்த வரைக்கும் வீட்டு வேலையாக இருந்தது, காகிதத்துக்கு வந்ததும் தொழிலாகி, கலையாகி, ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. கையும் மாறவில்லை, கோடும் மாறவில்லை. அதே பகுதியில் துலாரி தேவி என்ற மீனவப் பெண், ஓவியர் வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் போனவர். அங்கேயே பார்த்துப் பழகி ஓவியரானார். 2021-இல் அவருக்கும் பத்மஸ்ரீ. பாத்திரம் கழுவுகிற கைக்கு அந்த வீட்டார் தூரிகையையும் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எங்களுக்குப் பெரிசாகத் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம்ம குழுவில் சேமிப்புக்கு நோட்டு உண்டு, உள்கடனுக்கு நோட்டு உண்டு, தீர்மான நோட்டு உண்டு. நேரத்துக்கு மட்டும் நோட்டு இல்லை. ஒரு உதாரணம் போடுவோம். இது கணக்குப் புரிவதற்காக நாங்கள் போட்ட தொகைதான், சந்தை விலை இல்லை.

ஒரு மெல்லிசுப் பாயை 4,000 ரூபாய்க்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். கோரை, நூல், சாயம் எல்லாம் 700 ரூபாய். மிச்சம் 3,300. "ஒரு பாய்க்கு மூவாயிரத்துக்கு மேலே லாபம்" என்று சந்தோஷப்படுவோம். இப்போது நேரத்தை எழுதுங்கள். கோரை கீறிப் பக்குவம் பண்ண 20 மணி நேரம். பாவு ஓட்ட 6 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரமாக 22 நாள் நெய்தால் 88 மணி நேரம். ஓரம் முடிந்து முடிக்க 6 மணி நேரம். மொத்தம் 120. மூவாயிரத்து முந்நூறை நூற்றி இருபதால் வகுத்தால் மணிக்கு 27 ரூபாய் 50 பைசா. எட்டு மணி நேரத்துக்கு 220 ரூபாய். அப்படியென்றால் அது லாபம் இல்லை, கூலி. அதுவும் குறைந்த கூலி. மணிக்கு 50 ரூபாயாவது வேண்டும் என்றால், கூலி 6,000, பொருள் 700, ஆக 6,700 ரூபாய்க்குக் குறைந்து அந்தப் பாயைக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கு ஏன் இத்தனை வருஷமாக யாரும் போடவில்லை? சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுக்கு என்ன விலை என்ற அந்த நினைப்புதான். வாங்குகிறவர் அதை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். "வீட்டுல இருந்துதானம்மா செய்யுதீங்க" என்று சொல்லியே விலையைக் குறைப்பார்.

இந்த இடத்தில் பீடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம மாவட்டத்தில் வீட்டில் இருந்தே பீடி சுற்றுகிற பெண்கள் ஏராளம். பீடியும் வீட்டு வேலைக்கு நடுவில்தான் நடக்கிறது. ஆனால் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு, வாரக் கூலி உண்டு, 1966-இல் பீடித் தொழிலாளருக்கென்றே சட்டம் வந்தது, பாஸ் புக் இருக்கிறவர்களுக்குப் பி.எஃப். உண்டு. பீடியால் உடம்புக்கு வருகிற கேடு எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பாய்க்கார வீட்டுப் பெண்பிள்ளையே தட்டை மடியில் வைத்தால், அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவள் கலையை வெறுக்கவில்லை. சனிக்கிழமை கையில் காசு வருமா என்றுதான் பார்க்கிறாள்.

நாங்கள் செய்த தப்பு

அடுத்தவரைச் சொல்லுவதற்கு முன்னால் நம்ம கதையையும் சொல்லிவிடுகிறோம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் நம்ம கடைக்கு ஒரு நகரத்துக் கடைக்காரர் வந்தார். ஒரு கல்யாணப் பாயும் சில சின்ன விரிப்புகளும் 25 நாளில் வேண்டும் என்றார். பெரிய ஆர்டர் என்று சந்தோஷத்தில், நெய்கிறவரைக் கேட்காமலே நாங்கள் தலையாட்டிவிட்டோம். அது ரமலான் மாதம். நோன்பு வைத்துக்கொண்டு, விடியக்காலை சஹருக்கும் சாயங்காலம் நோன்பு திறக்கவும் சமைத்துக்கொண்டு, அந்தச் சகோதரி நெய்தார். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரி. ஆறு நாள் தாமதமானது. கடைக்காரர் பணத்தில் பிடித்துக்கொண்டார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "நேரத்துக்கு முடிச்சிருக்கலாம்லா" என்று அவரிடமே கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டருக்குக் கூப்பிட்டபோது "எனக்கு இப்ப முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டார். அவருடைய தறி ஒரு வருஷம் மடக்கியே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் ஆர்டர் நோட்டில் ஒரு கட்டம் சேர்த்தோம். நெய்கிறவரே நாள் சொல்ல வேண்டும், அவர் சொன்ன நாளோடு பத்து நாள் கூட்டித்தான் வாங்குகிறவரிடம் சொல்லுவது. நோன்பு மாதம், பிள்ளைகளின் பரீட்சை மாதம், வீட்டில் கல்யாணம் காதுகுத்து, இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே. தெரியாததும் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டதை நாம் மறக்கவில்லை. அந்த மாதிரிச் சமயத்தில் ஆர்டரை யாராலும் காப்பாற்ற முடியாது.

வீட்டிலும் குழுவிலும் என்ன செய்யலாம்?

முன்னே சொன்ன தாழ்ப்பாள் விஷயம். சில குழுக்களில் இப்படிச் செய்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். நெய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து, முறைவைத்து ஒருத்தர் வீட்டில் மற்ற மூன்று பேரின் சின்னப் பிள்ளைகளையும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வது. நாலு நாளில் மூன்று நாள் ஒவ்வொருத்தருக்கும் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் கிடைக்கும். காசு செலவில்லை. காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை என்று வைத்தால் வெயிலும் ஏறாது, வெளிச்சமும் நன்றாக இருக்கும். மதியச் சோற்றை முன்னாலேயே முடிக்க வேண்டி வரும் என்பார்கள். குழம்பு மட்டும் முடித்துவிட்டு, சோறு வடிப்பதை வீட்டில் இருக்கிற இன்னொருத்தர் பார்க்கட்டுமே. அந்த இன்னொருத்தர் மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வீட்டுக்காரரும் வடிக்கலாம், பத்தாவது படிக்கிற பையனும் வடிக்கலாம். கஞ்சித் தண்ணி கையில் கொட்டாமல் வடிப்பது எப்படி என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மாமியார் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வீடுகளில் நல்ல நெசவு தெரிந்தவரே மாமியார்தான். கண்ணும் முட்டியும் ஒத்துழைக்காததால் நிறுத்தியிருப்பார். அவரிடம் "மாமி, நீங்க கோரை கீறித் தாங்க, நான் நெய்யுதேன், கூலியில உங்களுக்குப் பங்கு" என்று சொல்லிப் பாருங்கள். பங்கு என்றால் நிஜமாகவே அவர் கையில் கொடுக்க வேண்டும். "நெய்யுதேன் நெய்யுதேன்னு வீட்டைப் போட்டுட்டா" என்று சொன்ன வாயே, "அவளைக் கூப்பிடாதிய, பூ போட்டுக்கிட்டு இருக்கா" என்று சொல்லும். சில இடத்தில் சொல்லாமலும் போகலாம், நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை.

உடம்பையும் பாருங்கள். பலகையில் குத்தவைத்தே உட்காருவதால் இடுப்பும் முட்டியும் முதலில் போகும். அடுத்து கண். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், அப்போது வேண்டுமானால் பிள்ளைக்குத் தண்ணி கொடுங்கள். நாற்பது வயசு தாண்டினவர்கள் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோரை வாங்கவும் நூல் வாங்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிற வழக்கம் இருக்கிறது. முன்பணம் வாங்கினால் பாயின் விலை அவர் சொல்கிறதுதான், நாளும் அவர் சொல்கிறதுதான். அந்தத் தொகையைக் குழுவில் உள்கடனாக எடுத்து, கோரை மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கி வைத்தால், எப்போது நெய்வது என்பதை நாமே முடிவு செய்யலாம். வட்டி மிச்சம் என்பதைவிட இதுதான் பெரிய மிச்சம்.

'இல்லத்தரசி' என்று எழுதினால் என்ன நஷ்டம்?

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு 'பெஹ்சான்' என்று அடையாள அட்டை கொடுக்கிறது. கண்காட்சியில் கடை போட, பயிற்சிக்குப் போக அது உதவும். தமிழக அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. பாய் பின்னுதலும் அதில் ஒரு தொழில். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். இப்போதைய விதியும் விண்ணப்ப நாளும் என்ன என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். புவிசார் குறியீட்டுச் சட்டத்தில், அந்தப் பொருளை உண்மையாகச் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பேரைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. விசைத்தறியில் ஓடிய பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்கிறவர்கள் இருக்கிற காலத்தில், கையால் நெய்கிறவர் பேர் அந்தப் பதிவேட்டில் இருப்பது நல்லது.

இந்த எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் வரும். தொழில் என்ன? அங்கே நாம் என்ன எழுதியிருக்கிறோம், மற்ற கார்டுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டே எழுதின ஒரு வார்த்தை அங்கே போய் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணப் பாய் நெய்த ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனையோ மாப்பிள்ளை பெண் பேரை எழுத்து எழுத்தாகக் கோரையில் கோத்திருப்பார். தன் பேரை ஒரு தடவைகூட நெய்திருக்க மாட்டார். கூட்டத்தில் இதை எடுத்தபோது முதலில் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். "அடுத்தவங்க கல்யாணப் பாயில எம்பேரு எதுக்கு?" என்று ஒருத்தர் கேட்டதும் நியாயம்தான். கடைசியில், பாயின் ஓரத்தில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்து, அதில் நெய்தவர் பேரும், எத்தனை நாள் ஆனது என்பதும் எழுதுவது என்று பேசி முடித்தோம். பேர் போட விருப்பமில்லாதவர்கள் குழுவின் பேரைப் போடலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நெய்கிறவர்களும் ஓலை முடைகிறவர்களும் ஒரு வாரம் நேரத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தால் போதும், நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். தொழில் விவரப் படிவத்தையும் திரும்ப எடுத்து வைத்திருக்கிறோம். திருத்த வேண்டியவர்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள்.